இருநூற்றைம்பது ஓம்

அத்தியாயம் பதினேழு

வந்து கிடந்த குரலைக் கேட்காமலே ஐந்து நாள் கடத்திவிட்டாள் மூத்தவள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் அதுவரை காபியை ஆற்றிக்கொண்டிருங்கள். இரண்டு வருஷம் எட்டு மாதத்துக்கு முன்னால் இவளுடைய அப்பா இறந்தபோது தங்கை வரவில்லை. அப்பாவை எடுக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவள், அன்று சாயங்காலம் போனில் "இனி நீ எனக்குத் தங்கச்சியே இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணையும் பிளாக் செய்தாள். தங்கை பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை சின்னவளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எழுத்தில் இருந்தது இரண்டே சொல். "அக்கா, கேளு." கூடவே ஒன்பது நிமிட ஒலிப்பதிவு ஒன்று.

கேட்பதற்குத்தான் வழியில்லை. மூத்தவளுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. யார் யாரோ கூட்டம் போட்டுப் பேசியதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். கேட்டுக் கேட்டு அடித்துக்கொடுக்க வேண்டும். அதற்காக அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. அவள் கையிலிருப்பது பட்டன் போன், மெயிலெல்லாம் அதில் திறக்காது. ஹெட்போனோ மெயில் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் முதலில் வலது காதையும், அப்புறம் இடது காதையும் கைவிட்டுவிட்டது. ஸ்பீக்கர் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. கம்ப்யூட்டர் இருப்பது நடு அறையில். அதே அறையில் ஜன்னலோரம் மாமனாரின் நாற்காலி. பெரியவருக்குக் கண்தான் மங்கல். காது, பாம்புக் காது.

இதெல்லாம் வெளிக்காரணம். உள்காரணம் வேறு. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். கேட்காதவரை, தங்கை எதுவும் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். அந்த "லாம்"களோடு ஐந்து நாள் குடித்தனம் நடத்தினாள் மூத்தவள். ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்தக் குரலுக்கு ஏங்கினாள். அது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டதோ என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் புருஷன் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார்.

தெருவில் அவருக்குக் காயில்காரர் என்றுதான் பெயர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி உயிர் கொடுக்கிறவர். முன்னறைதான் பட்டறை, வீடு முழுக்க வார்னிஷ் வாசனை அடிக்கும். சுற்ற ஆரம்பித்த காயிலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று பாதியில் எழுந்தார்.

"ஹெட்போன் வாங்கிட்டு வந்துடறேன்."

"இப்பவேவா? சாயங்காலம் போகலாமே."

"சாயங்காலம் கடையில கூட்டம்."

"மெதுவா போங்க" என்றாள். பத்தொன்பது வருஷமாக அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் அவள் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான். பின்னால் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது இருக்கலாம். ஒரு காதில் மட்டும் சிறிய இயர்போன். மற்ற காது வாடிக்கையாளருக்கு.

"எதுல மாட்டப் போறீங்க சார்?"

"கம்ப்யூட்டர்லம்மா. வீட்டுல டைப் அடிக்கறாங்க. விலை கம்மியா இருக்கணும், பொருள் நல்லா இருக்கணும்."

"அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க" என்று சிரித்தபடி அவள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள். "இது போதும் சார். பேச்சு தெளிவா கேக்கும்."

காயில்காரர் பெட்டியைத் திருப்பினார். பொருளின் ஜாதகம் முதுகில்தான் இருக்கும் என்பது அவர் தொழில் பாடம். முப்பத்திரண்டு ஓம் என்று போட்டிருந்தது. அப்போதுதான் பக்கத்தில், மூலை கிழிந்து, விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பெரிய பெட்டி கண்ணில் பட்டது. அதன் முதுகில் இருநூற்றைம்பது ஓம்.

"இது என்னம்மா, இதே விலைதானே?"

"அது திரும்பி வந்த பீஸ் சார். ஸ்டுடியோக்காரங்க வாங்கறது. அதுக்குக் கரண்டு தள்ளிவிடத் தனியா ஒரு பெட்டி வேணும். கம்ப்யூட்டர்ல நேரா மாட்டினா சத்தம் ஏறாது. ஓம் கூடன்னா..."

"ஏம்மா, எனக்கே ஓம் கத்துத்தர்றியா?" காயில்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "இருபத்தாறு வருஷமா அதைத்தான் அளந்துட்டு இருக்கேன்."

பொய்யில்லை. ஆனால் அவர் அளப்பது எதை? காயில் சுற்றி முடித்ததும், கம்பிக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே மெக்கரை வைத்துப் பார்ப்பார். கரண்டு உடம்பில் கசிகிறதா என்று அது சொல்லிவிடும். ஓம், அதாவது தடை, நிறையக் காட்டினால் மோட்டார் கல்லுக்குண்டு. குறைவாகக் காட்டினால் இன்றைக்கோ நாளைக்கோ புகை. இருபத்தாறு வருஷமாக, ஓம் கூடினால் ஆயுசு கூடும் என்று பழகிய கை. அது தானாகவே பெரிய பெட்டியை எடுத்தது.

"சார், பில்லைப் பத்திரமா வெச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண். புத்திசாலி.

---

"இதைப் பாரு. காதை முழுசா மூடும். இருநூத்தம்பது ஓம்! சின்னப் பெட்டி வெறும் முப்பத்திரண்டு."

ஜன்னலோரத்திலிருந்து பெரியவர், "ஓம்னா என்னடா, மந்திரமா?" என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

காயில்காரரின் முகத்தில் முதல் சம்பளம் வாங்கிய பையனின் களை. அவரே குனிந்து பின்னைச் சொருகிவிட்டு, ஏனோ அவள் முகத்தைப் பார்க்காமல் பட்டறைக்குள் போய்விட்டார்.

மூத்தவள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டாள். பஞ்சுபோல இருந்தது. மேஜைக்கடியில் கால் மிதி இருக்கிறது. அழுத்தினால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கை தட்டச்சுப் பலகையில் இருக்க, காலால் குரலைப் பிடித்து நிறுத்துகிற வேலை. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் அந்தக் கால் தானாகவே வேலை செய்யும். இன்று அதற்கும் உத்தரவு தேவைப்பட்டது.

அழுத்தினாள்.

வெகு தூரத்திலிருந்து, யாரோ கிணற்றுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல, தங்கை பேசினாள்.

"அக்கா... நான்தான்... வெள்ளிக்கிழமை உங்க பக்கத்து ஜங்ஷன்ல நாலு மணி ரயில் ஏறறோம்... இறங்கற ஊர்லேர்ந்து விமானம்... அவருக்கு வெளிநாட்டுல வேலை... திரும்பி வர நாலஞ்சு வருஷம் ஆகும்... சொல்லிட்டுப் போகணும்னு தோணிச்சு... அவ்வளவுதான்க்கா."

ஒலியை முழுக்கக் கூட்டினாள். ஏற்கெனவே முழுக்கத்தான் இருந்தது. குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. கடன் கழிக்கிற குரல். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. ஒன்றரை நிமிடம் பேச்சு, மிச்சமெல்லாம் வெறுமை. நிறுத்தக்கூட மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். மூத்தவள் காலை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். அக்காவின் காது மடலை விரலால் பிடித்துக்கொண்டால்தான் சின்னவளுக்குத் தூக்கம் வரும். வியர்த்தாலும் விடமாட்டாள், திட்டினாலும் விடமாட்டாள். காலையில் மூத்தவளின் இடது காது சிவந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வாத்தியார் திருகியதாக நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் நாலு மணிக்கு நாடு விட்டே போகிறாள். "சொல்லிட்டுப் போகணும்னு தோணிச்சு" என்கிறாள், பால்காரரிடம் கணக்கு முடிக்கிற மாதிரி.

ஐந்து நாள் சேர்த்துவைத்த ஆசையெல்லாம் புளித்துப் போனது. பதில் அடித்தாள். "கிடைத்தது. நல்லபடியாகப் போ." மணி பதினொன்றே கால். யோசிப்பதற்குள் விரல் அனுப்பிவிட்டது.

பட்டறைக் கதவில் காயில்காரர் நின்றார். "கேட்டுச்சா?"

"ம்."

"நல்லா கேட்டுச்சா? கடைசி வரைக்கும்?"

அவருடைய முகத்தைப் பார்த்தாள். வாங்கி வந்த பெருமை இன்னும் அதில் இருந்தது. அதை எப்படி உடைப்பது? "ரொம்ப நல்லா இருக்குங்க. கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பதுபோல நின்றார். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் வேலையைத் திறந்தாள். ஏதோ ஒரு சங்கத்தின் கூட்டம். மேஜையைத் தட்டிப் பேசுகிற தலைவர்கூட இன்று கிசுகிசுத்தார். நாற்பத்துமூன்று வயதில் காது போகுமா? போகட்டும். இனி யார் பேசிக் கேட்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. மாமனாருக்குக் கண் தெரியாதது சில சமயம் வசதிதான்.

---

மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பெரியவர் குண்டைப் போட்டார்.

"ஏன்டா, நீ வாங்கிட்டு வந்தது வேலை செய்யுதா இல்லையா?"

"ஏம்பா? நல்லா இருக்குன்னு அவளே சொன்னாளே."

"பழசுல வெளியில கசியும். பாதிக் கூட்டம் எனக்கே கேக்கும். அந்தச் சங்கத்துப் பொருளாளரை நீக்கினாங்களா இல்லையான்னு ஒரு வாரமா காத்துட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு முணுமுணுப்புகூட வரலை. மருமக சும்மா அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்குது."

மூத்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். பன்னிரண்டு வருஷமாக மாமனார் ஓசியில் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அவளுக்கு இன்றுதான் தெரியும்.

காயில்காரர் எழுந்தார். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. ஹெட்போனைத் தன் காதில் மாட்டி, "காலால அழுத்து" என்றார். அவள் சங்கக் கூட்டத்தை ஓடவிட்டாள். அவர் முகம் மாறியது.

"இதையா நல்லா இருக்குன்னு சொன்னே?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க..."

அவர் பட்டறையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்துவந்து, பின்னைப் பிடுங்கி, அதன் நுனியில் மீட்டரின் ஒரு முனையையும் அடியில் இன்னொரு முனையையும் வைத்தார். இருநூற்று நாற்பத்தெட்டு. சும்மா இருக்கும்போதே இவ்வளவு. ஒலி ஓடும்போது தடை இன்னும் ஏறும். மோட்டாரில் அவர் தினமும் பார்க்கிற சங்கதிதான். நிற்கிற காயில் காட்டும் தடை வேறு, ஓடுகிற காயில் காட்டும் தடை வேறு.

நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நான் ஒரு மடையன். கசிவு பார்க்கற புத்தியில வாங்கிட்டேன். இதுக்குள்ள இருக்கறதும் காயில்தான். இந்தக் காயில் வழியா கரண்டு ஓடினாத்தான் சத்தம். கம்ப்யூட்டர் குடுக்கறதோ நூல் அளவு கரண்டு. அதையும் இது மறிச்சா என்ன மிச்சம் வரும்? சத்தமாப் பேசினதே பாதிதான் வரும். மெதுவாப் பேசினது வரவே வராது."

"மெதுவாப் பேசினதுன்னா?"

"வராது. இருந்தாலும் இல்லாத மாதிரிதான் இருக்கும்."

மூத்தவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது நிமிடப் பதிவு ஒன்றரை நிமிடத்தில் நின்றிருந்தது. மிச்சம் ஏழரை நிமிடம்.

"ஏங்க, அந்தச் சின்னப் பெட்டி இன்னும் கடையில இருக்குமா?"

அவர் ஏற்கெனவே சாவியை எடுத்திருந்தார். பழக்க தோஷத்தில் "மெதுவா" என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடைப் பெண் பில்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். "முப்பத்திரண்டு ஓம். பக்கத்துல டெசிபல்னு ஒரு நம்பர் இருக்கு பாருங்க சார், நூத்திப் பத்து. கொஞ்சம் கரண்டு குடுத்தாலே எவ்வளவு சத்தம் வரும்னு அர்த்தம். வாங்கும்போது ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்."

"கத்துக்கிட்டேம்மா" என்றார் காயில்காரர். இருபத்தாறு வருஷத்துக் கர்வம் அந்த ஒரு சொல்லில் இறங்கியது.

---

இரண்டு மணி பத்து நிமிடம். புது ஹெட்போன் லேசாக, விளையாட்டுச் சாமான்போல இருந்தது. காதை முழுசாக மூடக்கூட இல்லை. மூத்தவள் மிதியை அழுத்தினாள்.

"அக்கா."

பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டாள். அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

இப்போது எல்லாம் இருந்தது. காலையில் கடன் கழித்த அதே குரல். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் எச்சில் விழுங்குகிறாள். "சொல்லிட்டுப் போகணும்னு" என்ற இடத்தில் உடைந்து, ஒரு மூச்சு எடுத்து, மறுபடி ஆரம்பிக்கிறாள். "அவ்வளவுதான்க்கா" வந்தது. காலையில் காலை எடுத்த இடம். இந்த முறை எடுக்கவில்லை.

"...வைக்க மனசு வரலை. நீ பேச வேண்டாம். நான் இப்படியே பக்கத்துல வெச்சுக்கிட்டு வேலை பார்க்கறேன். நீயும் கொஞ்ச நேரம் இரு."

அப்புறம் ஓர் அறை. அட்டைப்பெட்டி மேல் ஒட்டுநாடா பிய்கிற சத்தம். பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றுகிறாள். வளையல். தும்மல், இரண்டு முறைதான், எப்போதும் இரண்டு. பீரோக் கதவு. மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் இல்லாத இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இரண்டு வருஷம் எட்டு மாதம் ஏங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. மிதியின் மேலிருந்த கால் மரத்துப்போனது. எடுத்தால் தங்கை போய்விடுவாள்.

ஏழாவது நிமிடத்தில் சின்னக் காலடிகள். தடதடவென்று வந்து நின்றன.

"யாரும்மா?"

"பெரிம்மா."

"எங்க?"

"கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஏதாவது சொல்லு."

குழந்தை மைக்குக்கு வெகு அருகில் வந்து மூச்சு மட்டும் விட்டது. உஸ், உஸ் என்று. மூத்தவளின் இரண்டு காதிலும் அந்தச் சூடு விழுந்த மாதிரி இருந்தது.

கடைசியாகச் சின்னவள், சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத குரலில், "இதுவும் காதைப் பிடிச்சாத்தான் தூங்குதுக்கா" என்றாள். பதிவு முடிந்தது.

மூத்தவள் போனை எடுத்து, அந்த எண்ணை பிளாக்கிலிருந்து விடுவித்து அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரையில் அவள் காலையில் அனுப்பிய மெயில் அப்படியே இருந்தது. "நல்லபடியாகப் போ." அதற்கு இந்த நிமிடம்வரை பதில் வரவில்லை.

பட்டறைக்கு ஓடினாள். "ஏங்க, ஸ்டேஷனுக்குப் போகணும். அவ நாலு மணிக்குக் கிளம்பறா. போன் எடுக்க மாட்டேங்கறா. அவளுக்கு, அவளுக்கு ஒரு குழந்தை இருக்குங்க!"

காயில்காரர் செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"எனக்கும் பதினொன்றரையிலிருந்து எடுக்கலை" என்றார்.

"உங்களுக்குமா?"

"இந்த மாசத்தோட ரெண்டரை வயசு முடியுது அதுக்கு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். தட்டச்சு அடித்துப் பழகிய கை கணக்கையும் தானே போட்டது. அப்பா போய் இரண்டு வருஷம் எட்டு மாதம். குழந்தைக்கு இரண்டரை. அப்பாவை எடுத்த அன்றைக்குச் சின்னவளுக்கு ஏழாம் மாதம். அப்போது அவள் இருந்த ஊரிலிருந்து எட்டு மணி நேரப் பயணம். அதற்கு முன்னால் இரண்டு கரு தங்காமல் போனதும் இவளுக்குத் தெரிந்த கதைதான். இதுவாவது தங்கட்டும் என்று சின்னவள் அப்போது வெளியில் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். கேட்கவே இல்லையே. ஏன் வரலைன்னு ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன?

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளா?"

"பேச்செடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினே. எடுக்கலை. முதல்ல வண்டியில ஏறு."

நடு அறையிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "ஏம்மா, என் மேஜை மேல ஒரு பொம்மை இருக்கு. அந்த வாண்டுக்குக் குடுத்துடு. வாங்கி ஒரு வருஷமாச்சு."

ஆக, அவருக்கும் தெரியும். இந்த வீட்டில் காது கேட்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

கோபப்பட நேரமில்லை. பொம்மையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். ஹெட்போன் கழுத்திலேயே கிடந்தது, கழற்றத் தோன்றவில்லை. மணி இரண்டரை. ஸ்டேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். காயில்காரர் வண்டியைக் கிளப்பி, வழக்கம்போல அவள் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்தார்.

அவள் அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேகமா போங்க."